ஒரு வெள்ளியின் எடை

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் இருக்கும் வெள்ளி நாணயங்களை எடைக்குப் போட்டுவிடலாமா, அல்லது அவற்றுக்கு எடையைக் காட்டிலும் மதிப்பு உண்டா என்பதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. விலை சொல்ல நான் நகை வியாபாரி அல்லன். பழைய நாணயங்களின் வரலாற்றைப் படிப்பவன், அவ்வளவுதான். ஆனால் இந்தக் கேள்விக்கு விலைப் பட்டியலைவிட வரலாறுதான் நல்ல பதில் சொல்லும் என்பது என் எண்ணம்.

சில மாதங்களுக்கு முன் ஓர் அம்மையார் என்னைப் பார்க்க வந்தார். எழுபது வயதைக் கடந்தவர். கையில் ஒரு மரப்பெட்டியும், சுருக்குப் போட்ட ஒரு துணிப்பையும் இருந்தன. பெட்டியில் 28 நாணயங்கள். 1976இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டிக்காக வெளியிட்ட வெள்ளித் தொகுப்பு அது. காலமான கணவர் ஆசைப்பட்டு வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாராம். பெட்டி பளபளவென்று இருந்தது, சான்றிதழும் பத்திரமாக இருந்தது. துணிப்பையில் ஏழு பழைய காசுகள், கறுத்துப் போனவை. மாமியார் கொடுத்தவை என்றார்.

பேத்தியின் படிப்புக்குப் பணம் தேவைப்பட்டது. ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். கடைக்காரர் இரண்டையும் தராசில் வைத்து, "எல்லாம் வெள்ளிதானே அம்மா, எடைக்கு எடுத்துக்கொள்கிறேன்" என்றாராம். அம்மையார் என்னிடம் கேட்டது இதுதான்: "பையில் இருக்கிற காசை வேண்டுமானால் உருக்கிக்கொள்ளட்டும் தம்பி, அது கறுத்துப்போன பழைய சாமான். ஆனால் பெட்டி அப்படி இல்லையே. அதற்கு எடைக்கு மேலே கிடைக்காதா?"

அவர் நினைத்ததற்கு நேர்மாறாக இருந்தது உண்மை. அது ஏன் என்று சொல்வதற்குத்தான் நூறாண்டுக்கு மேல் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு சின்னக் கேள்வி. தமிழ்நாட்டில் ரூபாய் என்கிறார்கள். இங்கே மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நாம் மட்டும் பணத்தை ஏன் "வெள்ளி" என்கிறோம்? "பத்து வெள்ளி கொடு", "அம்பது காசு பாக்கி" என்று தினமும் பேசுகிறோம். ஊரிலிருந்து புதிதாக வந்த உறவினர் இதைக் கேட்டுத் திகைப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் எளிது. ஒரு காலத்தில் இந்த மண்ணில் பணம் என்றால் உண்மையிலேயே வெள்ளிக்கட்டிதான். மலாய்க்காரர்கள் நாணயத்தின் விளிம்பில் இருந்த பல் பல்லான வரிகளைப் பார்த்து "ரிங்கிட்" என்றார்கள். நாம் உலோகத்தைப் பார்த்து "வெள்ளி" என்றோம்.

அந்த வெள்ளி முதலில் ஸ்பானிய நாணயமாக வந்தது. பிறகு, கழுகு பொறித்த மெக்சிகோ வெள்ளி வந்தது. 1867இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்கள் இந்தியாவின் நிர்வாகத்திலிருந்து பிரிந்து இலண்டனின் நேரடி ஆட்சிக்குள் போனபோது, ரூபாய் இங்கே சட்டப்பணம் என்ற தகுதியை இழந்தது. அதன்பின் மெக்சிகோ வெள்ளி, ஹாங்காங் வெள்ளி, சிறிது காலம் ஜப்பானிய யென், அமெரிக்க வணிக டாலர், 1895 முதல் பம்பாயில் அடித்த பிரிட்டிஷ் வணிக வெள்ளி என்று பலவும் புழங்கின. எந்த அரசனின் தலை இருக்கிறது என்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. தட்டிப் பார்ப்பார்கள், எடை போடுவார்கள். சீன வணிகர்கள் தங்கள் முத்திரையைக் குத்தி அனுப்புவார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இருந்த நகரத்தார் கிட்டங்கிகளிலும் பணம் என்றால் இவைதான்.

அந்தக் காலத்தில் அம்மையாரின் கேள்வியே எழுந்திருக்காது. நாணயத்தின் மதிப்பும் அதை உருக்கினால் வரும் வெள்ளியின் மதிப்பும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு வெள்ளி நாணயம் என்றால் ஏறக்குறைய 27 கிராம் எடை. பத்தில் ஒன்பது பங்கு தூய வெள்ளி. உருக்கினாலும் அதே, உருக்காவிட்டாலும் அதே.

அதில்தான் சிக்கல் வந்தது. ஜெர்மனி 1870களின் தொடக்கத்தில் தங்க நாணயத்துக்கு மாறியது. மற்ற நாடுகளும் பின்தொடர்ந்தன. அமெரிக்கச் சுரங்கங்களில் வெள்ளி கொட்டியது. வாங்க ஆள் குறைந்து, சரக்கு கூடினால் என்ன ஆகும்? விலை சரிந்தது. 1893இல் இந்திய அரசாங்கம் தன் நாணயச் சாலைகளில் பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளியை ரூபாயாக அடித்துக் கொடுப்பதை நிறுத்தியது. அதோடு ரூபாய், வெள்ளி விலையின் பிடியிலிருந்து விலகி, சில ஆண்டுகளில் 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்ற நிலையில் நின்றது. நம் வெள்ளி மட்டும் உலோகத்தோடு சேர்ந்து இறங்கிக்கொண்டே போனது.

இது ஏதோ வங்கிக்காரர்கள் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். நம்மவர் வயிற்றில் அடித்த விஷயம் இது. ஒரு வெள்ளியில் 24 கிராமுக்கு மேல் தூய வெள்ளி. ஒரு ரூபாயில் 11 கிராமுக்குக் குறைவு. ஆகவே உலோகக் கணக்கில் ஒரு வெள்ளிக்கு இரண்டேகால் ரூபாய். 1893க்கு முன் இங்கிருந்து ஊருக்குப் பணம் அனுப்பியவருக்கு ஏறத்தாழ அந்தக் கணக்கில் ரூபாய் கிடைத்திருக்கும். 1902 முடியும் தறுவாயில் வெள்ளி விலை அதலபாதாளத்துக்குப் போனபோது, அதே ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் ரூபாய்தான். கூலி அதே வெள்ளி, வேலை அதே வேலை, நாணயத்தின் எடைகூட ஒரு குன்றிமணி குறையவில்லை. ஊரில் காத்திருந்த குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது மட்டும் பாதி.

நாணயத்தின் மதிப்பை உலோகத்திடம் ஒப்படைத்துவிட்டால் இப்படித்தான் ஆகும் என்பது அரசாங்கத்துக்கும் புரிந்தது. சர் டேவிட் பார்பர் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். குழுவின் யோசனைப்படி 1903இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கென்றே தனி வெள்ளி பம்பாயில் அடிக்கப்பட்டு வந்தது. ஒரு பக்கம் ஏழாம் எட்வர்டு மன்னர் தலை, மறுபக்கம் அழகான கொடி வேலைப்பாட்டின் நடுவில் சீனத்திலும் ஜாவியிலும் "ஒரு வெள்ளி" என்ற எழுத்து. எடை 26.95 கிராம், பழைய வணிக வெள்ளியின் எடைதான். பிறகு மெக்சிகோ, பிரிட்டிஷ் வணிக வெள்ளிகளை உள்ளே கொண்டுவரத் தடை போட்டார்கள். 1904 ஆகஸ்டு இறுதியோடு அவை செல்லாது என்று அறிவித்தார்கள். அன்றிலிருந்து, வீட்டில் மெக்சிகோ வெள்ளியைப் புதைத்து வைத்திருந்தவர் கையில் இருந்தது பணம் அன்று, வெறும் உலோகம்.

1906 ஜனவரியில் புதிய வெள்ளிக்கு விலை வைத்தார்கள்: 2 ஷில்லிங் 4 பென்ஸ். அதாவது 60 வெள்ளிக்கு 7 பவுன். இந்திய ரூபாய்க் கணக்கில் ஒன்றே முக்கால். இனி வெள்ளியின் சந்தை விலை இறங்கினாலும் கவலை இல்லை. முகமதிப்பு மேலே நிற்கும், உருக்கு விலை கீழே கிடக்கும். அப்படித்தான் நினைத்தார்கள்.

ஆனால் வெள்ளி விலை அந்த ஆண்டே ஏறத் தொடங்கியது! நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இலண்டன் சந்தையில் வெள்ளி அவுன்சுக்கு 33 பென்ஸைத் தாண்டினால், அந்தப் பெரிய நாணயத்தைக் கடையில் கொடுப்பதைவிட உருக்கி விற்பதுதான் லாபம். 1906 கடைசியில் விலை அந்தக் கோட்டின் வாசலுக்கே வந்துவிட்டது. கோட்டைத் தாண்டினால் என்ன நடக்கும்? புழக்கத்தில் இருக்கும் பணம் முழுவதும் உலைக்குப் போய்விடும். சம்பளம் கொடுக்கக் காசு இருக்காது.

அரசாங்கம் அவசரமாக இரண்டு காரியங்கள் செய்தது. ஒரு வெள்ளிக்குக் காகிதப் பணம் வெளியிட்டது. 1907 முதல் நாணயத்தின் உடம்பைச் சுருக்கியது. புதிய ஒரு வெள்ளியின் எடை 20.21 கிராம்தான். பழைய பெரிய வெள்ளிகளைத் திரும்ப வாங்கி உருக்கி, சின்ன நாணயங்களாக மறுபடி அடித்தார்கள். தனியார் உருக்குவதற்குமுன் அரசாங்கமே உருக்கிக்கொண்டது என்று சொல்லலாம்.

பத்தாண்டு நிம்மதி. அப்புறம் முதல் உலகப்போர் வந்தது. சிறிய நாணயத்துக்கு உருக்கு எல்லை ஏறத்தாழ 44 பென்ஸ். 1917இல் வெள்ளி அதையும் தாண்டியது. 1920 பிப்ரவரியில் 89½ பென்ஸ் வரை போனது. அதற்குள் நாணயத்தை மறுபடியும் மாற்றிவிட்டார்கள். 1919, 1920 ஆண்டுகள் பொறித்த ஒரு வெள்ளியின் எடை 16.85 கிராம். அதிலும் பாதிதான் வெள்ளி, மீதி மட்டமான உலோகம். இதற்கு உருக்கு எல்லை என் கணக்கில் 95 பென்ஸுக்கு மேல் வருகிறது. உச்ச விலையைவிடச் சற்றே கூடுதல். இங்கிலாந்துகூட 1920இல் தன் வெள்ளிக்காசுகளைப் பாதி வெள்ளியாகக் குறைத்துக்கொண்டது.

அம்மையாரின் துணிப்பைக்கு வருகிறேன். மேசையில் கொட்டி வரிசையாக வைத்தோம். 1904ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளி இரண்டு. 1908ஆம் ஆண்டு நடுத்தர வெள்ளி மூன்று. 1920ஆம் ஆண்டுச் சின்ன வெள்ளி இரண்டு. நான் இவ்வளவு நேரம் சொன்ன வரலாறு முழுவதும் அந்த மேசையில் இருந்தது. மூன்றிலும் "ஒரு வெள்ளி" என்றுதான் எழுதியிருக்கிறது. தூய வெள்ளி எவ்வளவு? முதலாவதில் 24 கிராம், இரண்டாவதில் 18 கிராம், மூன்றாவதில் 8 கிராமுக்குச் சற்று மேல். பதினாறே ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்காகத் தேய்ந்துபோயிற்று.

அதைப் பார்த்து அம்மையார் ஒரு கதை சொன்னார். ஜப்பான்காரன் காலத்தில் அவருடைய மாமியார் அந்த ஏழு காசுகளையும் ஒரு தகர டின்னில் போட்டு, தோட்டத்து லயத்தின் அடுப்படிக்குப் பின்னால் புதைத்து வைத்திருந்தாராம். வாழைமர நோட்டைத்தான் எல்லாரும் செலவழித்தார்கள். 1945இல் அது குப்பைக்குப் போனது. டின்னில் இருந்தது அப்படியே இருந்தது. இரண்டு வெள்ளி என்பது 1920களின் பிற்பகுதியில்கூட ஓர் ஆணுக்கு நான்கு நாள் கூலி. அப்போது நிர்ணயித்த நாள் கூலி 50 காசு, பெண்களுக்கு 40 காசு. ஏழு வெள்ளியைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்தவருக்கு என்ன மனத்திடம் இருந்திருக்க வேண்டும்!

இனி விஷயத்துக்கு வருவோம். உருக்கு விலையைவிட ஒரு நாணயம் ஏன் கூடுதலாக விலை போகிறது? அழகு, பழைமை எல்லாம் இரண்டாம் பட்சம். எத்தனை அடித்தார்கள், அதில் எத்தனை உலையிலிருந்து தப்பின, தப்பியவற்றில் எத்தனை நல்ல நிலையில் இருக்கின்றன, அதைத் தேடுகிறவர் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. நீரிணை வெள்ளிகளை எவரும் அழகு பார்க்க அடிக்கவில்லை. மீன் வாங்கவும் கூலி கொடுக்கவும் அடித்தார்கள். கைமாறிக் கைமாறித் தேய்ந்தன. அரசாங்கமே ஒரு முறை வாரி உருக்கியது. வெள்ளி விலை ஏறிய காலத்தில் எல்லாம் தனியாரும் உருக்கியிருப்பார்கள். எஞ்சியவைதான் நம் வீடுகளில் இருக்கின்றன. 1925, 1926 ஆண்டுகள் பொறித்த ஒரு வெள்ளிகள் கிடைப்பது மிக அரிது. அப்படி ஒன்று யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து தராசுப் பக்கமே போகாதீர்கள்.

இப்போது அந்த மரப்பெட்டியைத் திறப்போம். மாண்ட்ரியல் ஒலிம்பிக் செலவுக்குப் பணம் திரட்ட, கனடா 1973 முதல் 1976 வரை ஏழு தொகுதிகளாக இந்த நாணயங்களை வெளியிட்டது. ஒவ்வொரு தொகுதியிலும் 5 டாலர் இரண்டு, 10 டாலர் இரண்டு. மொத்தம் 28. முகமதிப்பைக் கூட்டினால் 210 கனடிய டாலர். எல்லாம் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. மொத்த எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். தூய வெள்ளி 944 கிராம், அவுன்சுக் கணக்கில் 30க்குச் சற்றுக் கூடுதல்.

1976இல் வெள்ளி அவுன்சு நாலரை அமெரிக்க டாலருக்கும் கீழே இருந்தது. ஆக, பெட்டியில் இருந்த உலோகத்தின் மதிப்பு ஏறத்தாழ 130 டாலர். முகமதிப்பு 210. வாங்கியவர் அதற்கும் மேலே கொடுத்திருப்பார். நம்மூரில் யாரும் கனடிய டாலரைக் கடையில் நீட்டப் போவதில்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் முகமதிப்பு ஒரு தரை மாதிரி. வெள்ளி எவ்வளவு விழுந்தாலும் அதற்குக் கீழே போகாது என்ற தைரியம். முகமதிப்பே இல்லாத நினைவுப் பதக்கத் தொகுப்புகளுக்கு அந்தத் தரையும் கிடையாது. வீட்டில் இருப்பது நாணயமா பதக்கமா என்பதை முதலில் பாருங்கள். நாட்டின் பெயரும் தொகையும் பொறித்திருந்தால்தான் நாணயம். பதக்கம் என்றால் பெரும்பாலும் எடைதான்.

1980 ஜனவரியில் வெள்ளி ஏறக்குறைய 50 டாலரைத் தொட்டது. அமெரிக்காவில் ஹண்ட் சகோதரர்கள் என்ற எண்ணெய்ச் செல்வந்தர்கள் உலகத்து வெள்ளியையெல்லாம் வளைத்துப் போட முயன்ற கதையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அந்தச் சில வாரங்களில் நினைவு நாணயத் தொகுப்புகளும், வீட்டுக் கரண்டிகளும், பதக்கங்களும் கூடை கூடையாக உலைக்குப் போயின. மார்ச் 27ஆம் நாள் விலை ஒரேயடியாகச் சரிந்தது. அது வியாழக்கிழமை என்பதால் ஆங்கிலத்தில் அதற்கு "வெள்ளி வியாழன்" என்று பெயர் வைத்தார்கள். தமிழில் சொன்னால் நாள் குழப்பம்தான் வரும். 2011 ஏப்ரலில் மறுபடி 50க்குப் பக்கத்தில் போய்த் திரும்பியது. 2025 அக்டோபரில் 50ஐத் தாண்டியே விட்டது. 50 டாலர் என்று வைத்துக்கொண்டால், அம்மையாரின் பெட்டியில் உள்ள உலோகம் மட்டும் 1,500 அமெரிக்க டாலர். கணவர் செய்த செலவு வீண்போகவில்லை.

ஆனால் எடைக்கு மேலே? அங்கேதான் கை விரிக்க வேண்டியிருக்கிறது. இவற்றை இலட்சக்கணக்கில் அடித்தார்கள். வாங்கியவர் எல்லாரும் பெட்டியோடு, சான்றிதழோடு பத்திரமாக வைத்தார்கள். ஒருவரும் மீன் வாங்கவில்லை, எவர் சட்டைப்பையிலும் தேயவில்லை. பத்திரப்படுத்துவதற்கென்றே செய்த பொருள் எல்லார் வீட்டிலும் பத்திரமாக இருக்கிறது. தேடுகிறவரைவிட விற்கிறவர் அதிகம். ஆகவே சந்தையில் அது வெள்ளி விலையின் நிழலாகவே ஏறி இறங்குகிறது. "வரையறுக்கப்பட்ட வெளியீடு" என்று பெட்டியில் அச்சடித்திருப்பார்கள். எத்தனை என்ற எண்ணைப் பாருங்கள். ஆயிரமும் வரையறைதான், ஐந்து இலட்சமும் வரையறைதான்.

எல்லாத் தொகுப்புகளும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. நம் வட்டாரத்து வெளியீடுகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். மலேசியா 1976இல் வனவிலங்குப் பாதுகாப்பை ஒட்டி 15 ரிங்கிட், 25 ரிங்கிட் வெள்ளி நாணயங்களை வெளியிட்டது. காட்டெருதும் இருவாட்சிப் பறவையும் பொறித்தவை. இவற்றுக்கு உள்ளூரிலேயே சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். சிங்கப்பூரின் 10 வெள்ளி நாணயங்களில் ஒரு நுட்பம் உண்டு. 1972இல் வந்ததில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. 1975இல் வந்ததில் பாதிதான் வெள்ளி. அளவும் தொகையும் ஒன்றே. இரண்டையும் ஒரே தராசில் போட்டால் யாருக்கோ நட்டம். யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"உருக்கிவிட்டார்கள், இனி அரிது" என்ற பேச்சையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. அதற்கு ஒரு கதை. 1918இல் இந்தியாவில் காகித ரூபாயை நீட்டி வெள்ளி ரூபாய் கேட்டு மக்கள் நெருக்கினார்கள். கொடுக்க வெள்ளி இல்லை. பிரிட்டன் அமெரிக்காவிடம் கை நீட்டியது. பிட்மன் சட்டம் என்ற ஒரு சட்டத்தின் மூலம் அமெரிக்கா தன் கிடங்கில் இருந்த 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது. பெரும்பகுதி இந்தியாவுக்காக விற்கப்பட்டது. எந்த ஆண்டு நாணயம் எத்தனை உருகியது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நியூ ஆர்லியன்சில் 1903இல் அடித்த டாலர் ஒன்றுகூடக் கண்ணில் படாததால், எல்லாம் உருகிவிட்டது என்று சேகரிப்பாளர்கள் முடிவு கட்டினார்கள். புத்தம் புதிதாக ஒன்று கிடைத்தால் ஆயிரம் டாலருக்கு மேல் விலை. 1962இல் அமெரிக்கக் கருவூலத்தின் பெட்டகத்திலிருந்து அந்த நாணயம் பை பையாக வெளியே வந்தது. ஒரே குளிர்காலத்தில் விலை தரைமட்டம். முந்தைய ஆண்டு வாங்கியவரை நினைத்துப் பாருங்கள்.

அரிது என்பதற்கு ஆதாரம் வேண்டும். சேகரிப்பாளர் பட்டியலில் போட்டிருக்கும் விலை ஆதாரம் ஆகாது. அது விற்கிறவர் கேட்கிற விலை. ஏலத்தில் உண்மையிலேயே கைமாறிய விலையைப் பார்க்க வேண்டும். அதிலும் நம் கைக்கு வருவது வியாபாரியின் லாபம் போக மீதிதான்.

அம்மையாரின் ஏழு காசுகளுக்குத் திரும்புகிறேன். நான் முதலில் செய்தது எடை போட்டதுதான். வேடிக்கையாக இருக்கும், தராசு வேண்டாம் என்று சொன்னவனே தராசை எடுக்கிறேனே என்று. காரணம், நீரிணை வெள்ளியிலும் பழைய வணிக வெள்ளியிலும் போலிகள் கணக்கில்லாமல் சுற்றுகின்றன. 26.95 கிராம் இருக்க வேண்டியது 22 கிராம் காட்டினால் மேலே பேசவே வேண்டாம். காந்தத்தில் ஒட்டினாலும் அப்படியே. இவருடையவை ஏழும் சரியாக இருந்தன.

இரண்டு பெரிய வெள்ளிகளில் ஒன்று நன்றாக இருந்தது. மன்னரின் மீசை, கொடி வேலைப்பாடு எல்லாம் தெளிவு. இன்னொன்றை விபூதி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு பூசைக்கும் குத்துவிளக்கோடு சேர்த்துத் துடைத்துத் துடைத்து, மன்னருக்கு முகமே இல்லை. நம் வீடுகளில் நடக்கிற காரியம்தான் இது, குறை சொல்ல முடியாது. ஆனால் சேகரிப்பாளர் கறுப்புக்குப் பயப்படுவதில்லை, பளபளப்புக்குத்தான் பயப்படுகிறார். கறுப்பு காலத்தின் சாட்சி. தேய்த்த கோடு ஒருபோதும் மறையாது. பழைய காசு கையில் கிடைத்தால் கழுவக்கூட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

1908ஆம் ஆண்டு மூன்றில் ஒன்றில் பத்தர் வளையம் வைத்துப் பற்றவைத்திருந்தார். யாரோ கழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதற்கு உருக்கு விலைதான். மற்ற இரண்டும் பரவாயில்லை. 1920ஆம் ஆண்டுச் சின்ன வெள்ளிகள் இரண்டும் கடைக்காரர் கண்ணில் மிக மட்டமானவை. பாதி வெள்ளிதானே, சுத்திகரிக்கும் செலவைக் கழித்துத்தான் கொடுப்பார். ஆனால் சேகரிப்பாளருக்கு அது கணக்கில்லை. உருக்கு விலைக்கும் சேகரிப்பு விலைக்கும் இடையே விகிதத்தில் பெரிய இடைவெளி இருப்பது பல நேரம் இப்படிப்பட்ட மட்டமான நாணயத்தில்தான். கடையில் கொடுக்கவே கூடாததும் அதுதான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அவர் அந்தப் பெட்டியை எங்களைத் தொடவே விடமாட்டார் தம்பி" என்றார். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் வெள்ளி விலை நல்ல உயரத்தில் இருந்த நேரம் அது. விற்பதென்றால் பெட்டியை விற்கலாம், அதுவும் ஒரே கடையில் கேட்காமல் இரண்டு மூன்று இடங்களில் கேட்டு, தூய வெள்ளி 944 கிராம் என்ற கணக்கைக் கையில் எழுதிக்கொண்டு போங்கள் என்று சொன்னேன். மொத்த எடையை மட்டும் பார்த்து மட்டமான வெள்ளி விலை சொன்னால், சான்றிதழில் உள்ள 925 என்ற எண்ணைக் காட்டுங்கள் என்றேன்.

மூன்றாவது கடையில் நியாயமான விலை கிடைத்ததாகப் பின்னர் தொலைபேசியில் சொன்னார். நாணயங்களை மட்டும் கொடுத்துவிட்டு மரப்பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். 28 குழிகளில் இப்போது ஏழில் மட்டும் காசு இருக்கிறது. சின்ன வெள்ளி குழிக்குள் ஆடுகிறது, பஞ்சு வைக்கலாமா என்று கேட்டார். பஞ்சு ஈரத்தை இழுக்கும், வேண்டாம் அம்மா என்றேன்.